சனிக்கு மல்டிமீட்டர் வைத்த கதை

உங்களுக்குச் சனி பிடித்திருக்கிறதா?

ஐயையோ, அடிக்க வராதீங்க! ஜோசியர் கேட்கிற அர்த்தத்தில் கேட்கவில்லை. 'எனக்கு பரோட்டா பிடிக்கும், மழை பிடிக்கும்' என்று சொல்வோமே... அந்த அர்த்தத்தில். எனக்குச் சனி ரொம்பப் பிடிக்கும். பிடித்தது 2017-ல். அப்போது நான் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம். அந்த வருடம் என் வீட்டில் இரண்டு சனிக்கதைகள் ஒரே நேரத்தில் ஓடின. இரண்டையும் சொல்கிறேன், கேளுங்க.

முதல் கதை அம்மாவுடையது. எனக்குத் துலாம் ராசி. 2017 டிசம்பர் 19-ம் தேதி சனிப்பெயர்ச்சி. அத்தோடு என் ஏழரை முடிகிறது. "ஏழரை முடிஞ்சதும் வரன் பார்க்க ஆரம்பிச்சிடணும், டிகிரி கைக்கு வர்றதுக்கும் தாலி ஏறுறதுக்கும் சரியா இருக்கும்" என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தார். எம்.எஸ்ஸி. என்கிற வார்த்தை அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது கதை காசினியுடையது.

காசினி என்பது 1997 அக்டோபர் 15-ல் பூமியிலிருந்து கிளம்பிய விண்கலம். அமெரிக்காவின் நாசா, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், இத்தாலிய விண்வெளி நிறுவனம் மூன்றும் சேர்ந்து அனுப்பியது. சனிக்குப் போய்ச் சேர்ந்தது 2004-ல். அதாவது போகவே ஏழு வருடம். (நம்ம ஊர் ஏழரையைவிடக் கொஞ்சம் கம்மி!) பதின்மூன்று வருடம் சனியைச் சுற்றிச் சுற்றி வந்தது. 2017-ல் எரிபொருள் தீரும் நிலை.

அப்படியே விட்டிருக்கலாமே? முடியாது. சனியின் நிலவு என்செலடஸின் பனிக்கு அடியில் கடல் இருப்பதைக் கண்டுபிடிக்கக் காரணமே இந்தக் காசினிதான். அங்கே உயிர் இருக்க வாய்ப்பு உண்டு. கட்டுப்பாடு இல்லாத விண்கலம் என்றைக்காவது அதில் போய் மோதி, பூமியின் கிருமிகளை இறக்கிவிட்டால்? அதனால் காசினியைச் சனிக்குள்ளேயே தள்ளி எரித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் சும்மா சாகவிடவில்லை பாருங்க, அங்கேதான் விஷயம். சனிக்கும் அதன் வளையங்களுக்கும் நடுவில் சுமார் 2,000 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கிறது. அதற்கு முன் எந்தக் கலமும் போகாத சந்து. அதற்குள் காசினியை 22 தடவை பாய விட்டார்கள். முதல் பாய்ச்சல் 2017 ஏப்ரல் 26. வேகம், மணிக்குச் சுமார் 1,24,000 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பொடித்தூள் பட்டாலே துப்பாக்கிக் குண்டு மாதிரி. அதனால் நான்கு மீட்டர் அகல ஆன்டெனாவை முன்பக்கம் திருப்பி, குடை மாதிரி பிடித்துக்கொண்டு போனது.

எதற்கு இவ்வளவு ரிஸ்க்? பல காரணங்கள். அதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒன்று... தொலைந்துபோன எலக்ட்ரான்கள்.

ஒவ்வொரு கிரகத்தின் காற்று மண்டலத்துக்கும் மேலே மின்னூட்டம் பெற்ற ஒரு அடுக்கு உண்டு. அயனி மண்டலம். சூரியனின் புற ஊதா ஒளி அணுவைத் தட்டும். ஒரு எலக்ட்ரான் கழன்று விழும். எலக்ட்ரான் ஒரு பக்கம், மிச்ச அயனி ஒரு பக்கம். நமக்கும் இருக்கிறது. ராத்திரியில் மீடியம் வேவ் ரேடியோவில் எங்கேயோ இருக்கிற ஸ்டேஷன் எல்லாம் கேட்கும் என்று தாத்தா பாட்டி சொல்வார்கள் இல்லையா? அது இந்த அடுக்கின் வேலைதான்.

சனியிலும் இந்த அடுக்கில் எத்தனை எலக்ட்ரான் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 1980, 81-ல் வாயேஜர் கலங்கள் இரண்டும் சனியைக் கடந்து போயின. அவை சனிக்குப் பின்னால் மறையும்போது, அனுப்பிய ரேடியோ அலை அயனி மண்டலத்தை உரசிக்கொண்டு பூமிக்கு வந்தது. அலையில் ஏற்பட்ட சின்ன மாற்றத்தை வைத்து எலக்ட்ரான்களை எண்ணிப் பார்த்தார்கள்.

பத்தில் ஒரு பங்குதான் இருந்தது!

மீதி எங்கே? 1984-ல் ஜாக் கானெர்னி, ஹன்டர் வெய்ட் என்று இரண்டு பேர் 'நேச்சர்' இதழில் ஒரு பதிலை எழுதினார்கள். திருடன் வளையம்தான் என்றார்கள். வளையத்தில் இருப்பது பெரும்பாலும் பனிக்கட்டி. அதிலிருந்து தண்ணீர் சனிக்குள் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர்தான் எலக்ட்ரான்களை விழுங்குகிறது.

எப்படி விழுங்கும்? வேகமாக வருகிற கிரிக்கெட் பந்தைக் கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் தெறித்துப் போகும். கையைப் பின்னால் இழுத்து வாங்கினால் உள்ளங்கையில் உட்காரும். ஹைட்ரஜன் அயனி விறைப்பான கை. ஒற்றை அணு, எலக்ட்ரான் கொண்டுவரும் சக்தியை வாங்கி வைக்க இடம் இல்லை. பிடிப்பது அபூர்வம். நடுவில் தண்ணீர் வந்தால் அது ஹைட்ரஜனிடமிருந்து மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டு தானே அயனியாகிறது. அது பல அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. எலக்ட்ரான் வந்ததும் உடைந்து, சக்தியைத் துண்டுகளுக்குப் பங்கு போட்டுவிடும். டப்பென்று பிடித்துவிடும். எலக்ட்ரான் காலி.

அழகான பதில். ஆனால் பார்த்தவர் யார்? ரேடியோ அலையை வைத்துப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல். சனியிலிருந்து பார்த்தால் பூமியும் சூரியனும் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கும். அதனால் இந்த முறையில் சனியின் விடியல் ஓரமும் அந்தி ஓரமும் மட்டும்தான் கிடைக்கும். நடுப்பகலைப் பார்க்கவே முடியாது. நேரில் போனால்தான் உண்டு.

2017 செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை. காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக அப்பா கடைக்குப் போனேன். அப்பா ரேடியோ மெக்கானிக். ரேடியோ போய், டேப் ரெக்கார்டர் போய், டி.வி. போய், கடைசியில் மிக்ஸி, சார்ஜர் வரைக்கும் வந்து நின்ற கடை. போர்டில் மட்டும் இன்னமும் 'ரேடியோ' இருந்தது. கடை மேஜையில் மொபைலைச் சாய்த்து வைத்து நாசாவின் நேரடி ஒளிபரப்பைப் போட்டேன்.

சாயங்காலம் 5.25. திரையில் ஒரு கோடு ஊசி மாதிரி எழும்பி நின்றிருந்தது. அதுதான் காசினியின் சிக்னல். கொஞ்ச நேரத்தில் ஊசி குட்டையானது. மறைந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அப்பா, கையில் சால்டரிங் அயர்னோடு.

"செத்துப் போச்சுப்பா. நிஜமா செத்து ஒரு மணி இருபத்துமூணு நிமிஷம் ஆச்சு. அங்கேருந்து சிக்னல் வர அவ்வளவு நேரம் ஆகும்."

அவர் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார். எனக்கு அதுவே பெரிய விஷயம்!

அப்புறம் நான் சொல்லச் சொல்லக் கேட்டார். கடைசிப் பாய்ச்சலில் கேமரா வேலை செய்யவில்லை. படம் அனுப்புவதற்கு நேரம் இல்லை. பன்னிரண்டு கருவிகளில் எட்டை மட்டும் ஓட விட்டு, எடுத்த டேட்டாவை அந்த நிமிடமே பூமிக்கு அனுப்பினார்கள். வேகம் நொடிக்கு வெறும் 27 கிலோபிட். அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர் டயல்-அப் வேகத்தில் பாதி! காற்று தள்ளத் தள்ள, காசினி தன் குட்டி ராக்கெட்டுகளை முழு மூச்சில் எரித்து ஆன்டெனாவை பூமியை விட்டு விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கணித்ததைவிடச் சுமார் அரை நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது.

"சரி, எலக்ட்ரானை எப்படி எண்ணினான்?" என்றார்.

இந்தக் கேள்வியை என் வகுப்பில்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை, பாஸ்.

காசினியின் பக்கவாட்டில் சுமார் ஒன்றரை மீட்டர் நீளக் குச்சி. அதன் நுனியில் 5 சென்டிமீட்டர் டைட்டானியம் உருண்டை. ஒரு நல்ல எலுமிச்சம்பழம் சைஸ். பெயர், லாங்மூர் ப்ரோப். செய்தவர்கள் ஸ்வீடனில் உப்சாலா ஊர்க்காரர்கள். உருண்டைக்கு ப்ளஸ் வோல்டேஜ் கொடுத்தால் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் ஓடி வந்து ஒட்டும். கரண்ட் பாயும். மைனஸ் கொடுத்தால் எலக்ட்ரான் விலகும், அயனி வரும். வோல்டேஜை மைனஸிலிருந்து ப்ளஸுக்கு ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கரண்ட் என்று குறித்தால் போதும். எத்தனை எலக்ட்ரான், எவ்வளவு சூடு... எல்லாம் அந்த ஒரு வரைபடத்தில் வந்துவிடும். 1920-களில் இர்விங் லாங்மூர் கண்ணாடிக் குழாய்க்குள் செய்து பார்த்த அதே வித்தை.

அப்பா மேஜை மேல் கிடந்த சிவப்பு ஒயரைத் தூக்கிக் காட்டினார்.

"அப்போ சனிக்கு மல்டிமீட்டர் வச்சுப் பார்த்திருக்கான்னு சொல்லு!"

அதேதான்ப்பா. அதே... தான்.

இன்னொரு வழியும் உண்டு என்றேன். எலக்ட்ரான் கூட்டம் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் தானாகவே துடிக்கும். கூட்டம் நெருக்கமானால் அலைவரிசை ஏறும். ஒரு கன சென்டிமீட்டரில் நூறு எலக்ட்ரான் இருந்தால் சுமார் 90 கிலோஹெர்ட்ஸ். பத்தாயிரம் இருந்தால் சுமார் 900. காசினி தன்னுடைய பத்து மீட்டர் ஆன்டெனாக்களால் அந்தத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே போனது. கேட்கிற அலைவரிசையிலிருந்து எண்ணிக்கை கிடைத்துவிடும்.

"தொள்ளாயிரமா? அது மீடியம் வேவ் பேண்டாச்சே!" என்றார் அப்பா. முப்பது வருடம் டயல் திருப்பிய கை. சனி கிரகம் அவருக்குத் தெரிந்த ஒரு ஸ்டேஷனில் பேசுகிறது என்றதும் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

டிசம்பர் வந்தது. சனிப்பெயர்ச்சிக்கு எட்டு நாள் முன்னால், டிசம்பர் 11-ல் 'சயின்ஸ்' இதழ் முதல் முடிவுகளை வெளியிட்டது. லாங்மூர் ப்ரோப்பைக் கவனித்த ஸ்வீடன்காரர் யான்-எரிக் வாலுண்ட் தலைமையில் எழுதிய கட்டுரை. சனியின் அயனி மண்டலம் சாதுவாக இல்லை என்றது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கை தாறுமாறாக மாறுகிறது. அப்போது சனியின் வடக்கில் கோடை. வளையங்களின் நிழல் தெற்கில் விழுந்தது. நிழல் விழுந்த இடத்தில் எலக்ட்ரான் எண்ணிக்கை சரிந்தது. வெயில் இல்லை என்றால் உற்பத்தி இல்லை, அவ்வளவுதான். அதோடு, உள்பக்க வளையத்துக்கும் அயனி மண்டலத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதும் தெரிந்தது.

வீட்டில் அதே வாரம் தரகர் வந்து போனார். அம்மா ஜாதக நோட்டை எடுத்து வைத்திருந்தார். ராத்திரி சாப்பிடும்போது நானே பேச்சை எடுத்தேன். "எம்.எஸ்ஸி. அப்ளை பண்ணட்டுமா?"

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அமைதியாகக் கேட்டார். "சனியில கரண்ட் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நம்ம வீட்டு ஈ.பி. பில்லு குறையுமா? ரெண்டு வருஷம் ஃபீஸ் யாரு கட்டுவா? அதுக்கப்புறம் வேலை கிடைக்குமா?"

நியாயமான கேள்விகள். உங்கள் வீட்டிலும் இதே கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கலாம். என்னிடம் பதில் இல்லை. வேலைக்கு உத்தரவாதம் இல்லை, ஃபீஸுக்குப் பணம் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். 1984-ல் எழுதிய ஒரு கேள்விக்கு 2017-ல் பதில் வந்துகொண்டிருந்தது. அதைப் பாதியில் விட்டுவிட்டு என்னால் எழுந்து போக முடியாது.

அப்பாதான் பேசினார். "கடையில ஒரு செட்டு வந்தா, எங்கே கோளாறுன்னு தெரியிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. அதுக்குக் கூலி தனியா யாரும் குடுத்ததில்ல. இவளும் என்னை மாதிரிதான். ஒரு அப்ளிகேஷன் போடட்டும். சீட்டு கெடைச்சா பார்ப்போம்."

அம்மா ஜாதக நோட்டை மூடினார். "சரி, ஏழரை முடிஞ்சிருச்சுல்ல... கெடைக்கும்" என்றார். பாருங்க, கடைசியில் சனிதான் எனக்கு சிபாரிசு!

சீட் கிடைத்தது. ஃபீஸ் சுலபமாகக் கட்டவில்லை. முதல் வருடம் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. இரண்டாம் வருடம் நான் சாயங்காலம் டியூஷன் எடுத்தேன். 2018 அக்டோபரில் லைப்ரரியில் அடுத்த செய்தியைப் படித்தபோது கை நடுங்கியது. காசினியில் இருந்த இன்னொரு கருவி, சந்துக்குள் போகும்போது அங்கிருந்த மூலக்கூறுகளை ருசி பார்த்திருந்தது. வளையத்திலிருந்து சனிக்குள் பொருள் கொட்டுகிறது. நொடிக்குக் குறைந்தது 4,800 கிலோ. தண்ணீர் உண்டு. ஆனால் தண்ணீர் மட்டுமில்லை. மீத்தேன், அமோனியா, கார்பன் சேர்மங்கள் என்று யாரும் எதிர்பார்க்காத கலவை.

அந்தக் கருவியின் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஹன்டர் வெய்ட். 1984-ல் 'திருடன் வளையம்தான்' என்று எழுதிய இருவரில் ஒருவர்!

ஒரு சந்தேகத்தை எழுதி வைத்துவிட்டு, முப்பத்துமூன்று வருடம் கழித்து அந்த இடத்துக்கே ஒரு கருவியை அனுப்பி ருசி பார்த்த மனுஷர். நடுவில் 2011-ல் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியால் சனியைப் பார்த்தார்கள். 2013-ல் ஜேம்ஸ் ஓ'டோனஹ்யூ என்ற ஆராய்ச்சி மாணவர் அதில் 'வளைய மழை'யின் கோடுகளைக் கண்டு எழுதினார். 2019-ல் இன்னொரு ஆய்வு, அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் எலக்ட்ரான்களைவிட ப்ளஸ் அயனிகள் அதிகம் என்றது. மிச்ச எலக்ட்ரான்கள் எங்கே? வளையத்திலிருந்து உதிர்ந்த நுண்ணிய தூசு மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திருடன் ஒருவன் அல்ல, கூட்டாளியும் உண்டு!

இதில் ஒரு சோகமும் இருக்கிறது. கொட்டிக்கொண்டே இருந்தால் வளையம் தீர்ந்துவிடும் அல்லவா? மழையை மட்டும் கணக்கில் எடுத்தால் சுமார் 30 கோடி வருடம். காசினி அளந்ததையும் சேர்த்தால் 10 கோடிக்கும் குறைவு. சனியின் வயதோ 450 கோடி. நாம் வளையத்தோடு சனியைப் பார்க்கிற காலத்தில் பிறந்திருக்கிறோம். அதுவே ஒரு யோகம்தான், ஜாதகத்தில் போடாத யோகம்.

எம்.எஸ்ஸி. லேபில் எங்களுக்கு ஒரு பரிசோதனை இருந்தது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய். சில நூறு வோல்ட் கொடுத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒளிரும். நடுவில் இரண்டு சின்ன உலோக முனைகள். வோல்டேஜை ஏற்றி, மைக்ரோ ஆம்பியரில் கரண்டைக் குறித்து, வரைபடம் போட வேண்டும். லாங்மூர் ப்ரோப்பின் அண்ணன் தம்பி. என் குழாயில் எலக்ட்ரான் வெப்பநிலை பல ஆயிரம் டிகிரி வந்தது. சனியின் அயனி மண்டலம் அதைவிடக் குளிர். ஆனால் வரைபடத்தின் வளைவு? அதே குடும்பத்து வளைவு! 140 கோடி கிலோமீட்டர் தள்ளி ஒரு எலுமிச்சம்பழ உருண்டை போட்ட கோட்டின் உறவுக்காரக் கோடு, என் கிராஃப் ஷீட்டில், என் பென்சிலில். அந்தத் தாளை மொபைலில் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: 'மீட்டர் நல்லா வேலை செய்யுது.'

இப்போது நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் பெரிதாக இல்லை, வேலை நிரந்தரமும் இல்லை. அம்மாவின் மூன்றாவது கேள்விக்கு இன்னமும் பாதிப் பதில்தான் கையில் இருக்கிறது. கல்யாணம் 2021-ல் நடந்தது, பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான். அடகு வைத்த வளையலை மீட்டுக் கொடுத்துவிட்டேன். காசினியின் டேட்டாவை இன்றைக்கும் உலகம் முழுக்க அலசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த டேட்டா நாசாவின் பொதுக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. நானும் எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து பார்க்கிறேன். இதற்கும் கூலி யாரும் கொடுப்பதில்லை.

'ஆர்வம் இருந்தால் போதும், எல்லாம் தானாக வரும்' என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வராது. ஃபீஸ் கட்ட வேண்டும், வீட்டைச் சம்மதிக்க வைக்க வேண்டும், ரிசல்ட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் உங்களைத் தூங்க விடாத கேள்வி ஏதாவது ஒன்று இருந்தால், அதை வீட்டில் யாரிடமாவது அவர்கள் பாஷையில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். தையல்காரர் என்றால் நூலில் சொல்லுங்கள், சமையல்காரர் என்றால் அடுப்பில் சொல்லுங்கள். எனக்கு ஒரு சிவப்பு ஒயர் போதுமானதாக இருந்தது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. உங்கள் காலேஜ் இயற்பியல் லேபின் அலமாரியில், தூசு படிந்து, அந்த மாதிரி ஒரு டிஸ்சார்ஜ் டியூப் கிடக்க வாய்ப்பு உண்டு. லேப் அசிஸ்டென்ட் அண்ணனை நல்லபடியாகக் கேட்டு எடுத்துத் துடையுங்கள். பவர் சப்ளையை மட்டும் நீங்களாக ஆன் பண்ணாதீங்க, மேடத்தைக் கூப்பிடுங்க. சில நூறு வோல்ட் ஷாக் அடித்தால் ஏழரை தனியாக வேண்டாம்!